டென்னிஸ் பாலுக்குள்ள என்னதான் இருக்கு, அது ஏன் ரெண்டு வாரத்துல செத்துப் போவுது

கேள்வி இதுதானுங்க: பையன் டென்னிஸ் கோச்சிங் சேர்ந்திருக்கான், மூணு பால் இருக்கற டப்பா ஒண்ணு வாங்கிக் குடுத்தா ரெண்டே வாரத்துல குதிக்க மாட்டேங்குதுன்னு வந்து நிக்கறான், ஆனா தெருவுல கிரிக்கெட் ஆடற பசங்க வெச்சிருக்கற டென்னிஸ் பால் மாசக்கணக்குல ஓடுது, ரெண்டும் டென்னிஸ் பால்தானே, அப்படி இதுக்குள்ள என்னத்த போட்டு செய்யறாங்க, கடைக்காரன் ஏமாத்தறானா?

ஏமாத்தலீங்க. நான் கோயமுத்தூர் கணபதி பக்கம் ரப்பர் மோல்டிங் யூனிட்ல பல வருசமா இருக்கறவன், பம்புக்கு போற வாசரு, புஷ்ஷு, மில்லுக்கு போற சில்லறை ஐட்டம், இதுதான் நம்ம பொழப்பு. டென்னிஸ் பால் நாங்க செய்யறதில்ல, ஆனா அதுவும் ஷீட்டு, கந்தகம், பிரஸ்ஸு, மோல்டுதான், அதனால எது எதுக்கு போடறாங்க, எங்க இடிக்குதுன்னு புரியும். ஒரே வரியில சொல்லோணும்னா, நல்லா குதிக்கற ரப்பர் காத்த விட்டுரும், காத்த புடிச்சு வெக்கற ரப்பர் குதிக்காது. உங்க பையனோட பால் ரெண்டு வாரத்துல போறதுக்கு காரணம் இவ்வளவுதான், மத்ததெல்லாம் இந்த சிக்கல சுத்தி சுத்தி செய்யற வேலை.

வீட்டுல கெடக்கற செத்த பால் ஒண்ண வைஸ்ல மாட்டி ஆக்ஸா பிளேடுல குறுக்க அறுத்துப் பாருங்க. உள்ள ஒண்ணுமே இருக்காது. பஞ்சு, நூலு, கார்க்குன்னு கிரிக்கெட் பால் கணக்கா எதையாச்சும் எதிர்பார்த்தீங்கன்னா ஏமாந்துதான் போவீங்க, வெறும் கூடு, சுவரு மூணு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன். வெளிச்சத்துல சாய்ச்சு புடிச்சு உள்சுவர வெரலால தடவிப் பாருங்க, நடுவுல வளையமா ஒரு சின்ன மேடு தட்டுப்படும், ரெண்டு பாதிய ஒட்டுன எடம் அதுதான். நெறைய பேரு பால் மேல வெள்ளையா வளைஞ்சு வளைஞ்சு போற கோட்டத்தான் ஜாயின்ட்டுன்னு நெனைச்சுட்டு இருக்காங்க, அது துணியோட ஜாயின்ட்டு, ரப்பர் ஜாயின்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. அந்த வெள்ளக் கோட்டுல ஸ்க்ரூடிரைவர் முனைய குத்தி நெம்பி, பிளையர்ல புடிச்சு இழுத்தீங்கன்னா துணி உரிஞ்சு வரும், உரிச்சத தரையில விரிச்சுப் பார்த்தா ரெண்டே துண்டு, ரெண்டும் ஒரே அளவு, இடுப்பு ஒடுங்கி ரெண்டு முனையும் அகண்டு உருண்டு இருக்கும், பின்பக்கம் பருத்தி நூல் குறுக்கும் நெடுக்குமா போறது கண்ணுக்கே தெரியும். தட்டையான துணியில ரெண்டே துண்டு வெட்டி ஒரு உருண்டைய சுருக்கமில்லாம மூடறாங்கன்னா அத திருப்பூர் கட்டிங் மாஸ்டருங்ககிட்ட காட்டுங்க, அவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

சரி, அளவு. ஐடிஎஃப்னு சொல்ற சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதுக்கு விதி வெச்சிருக்குது. வெயிட்டு 56லிருந்து 59.4 கிராம், சாதாரண பாலோட குறுக்களவு 6.54லிருந்து 6.86 சென்டிமீட்டர், 254 சென்டிமீட்டர் ஒசரத்துல இருந்து காங்கிரீட்டு மேல கைய விட்டா 135லிருந்து 147 சென்டிமீட்டர் வரைக்கும் எழும்போணும். பழைய கணக்குல 100 அங்குலத்துல இருந்து போட்டா 53லிருந்து 58 அங்குலம். அதாவது புத்தம்புது பாலே விழற வேகத்துல இருக்கற சக்தியில பாதிக்கு கொஞ்சம் கம்மியா தின்னுட்டுத்தான் மேல வருது, அதுக்கு மேல குதிச்சாலும் தப்பு, கம்மியா குதிச்சாலும் தப்பு. எட்டு கிலோ சொச்சம் பாரத்த மேல வெச்சா எத்தனை மில்லிமீட்டர் அமுங்கோணும்ங்கறதுக்கும் விதி இருக்குது, 5.6லிருந்து 7.4. இத்தனையும் 20 டிகிரி சூட்டுல, ஈரப்பதம் 60 சதவீதத்துல வெச்சு பார்க்கோணும். ஏன் சூட்டையெல்லாம் சொல்றாங்கன்னு பின்னாடி வரேன்.

இந்த அளவு எழும்பற வேலைய ரப்பர் மட்டும் தனியா செய்யறதில்லீங்க, உள்ள அடைச்சிருக்கற காத்தும் சேர்ந்து செய்யுது. வெளிய இருக்கற காத்து பிரஷர விட உள்ள சுமாரா 12லிருந்து 14 பி.எஸ்.ஐ. எச்சா இருக்கும், பி.எஸ்.ஐ.ங்கறது டயருக்கு காத்தடிக்கறப்ப சொல்ற அதே பிரஷர் கணக்குதான். பால் தரையில பட்டு நசுங்கறப்ப உள்ள எடம் கொறையுது, காத்து அமுங்குது, அமுங்குனது திருப்பி தள்ளுது. இந்தக் காத்தோட வெயிட்ட கணக்கு போட்டுப் பார்த்தா கால் கிராம் கூட வராது. 58 கிராம் பால்ல கால் கிராமுக்கும் கம்மியான சரக்குல பாதி வெளிய போனா பால் செத்துப் போச்சுன்னு அர்த்தம், தராசுல வெச்சா வித்தியாசமே தெரியாது. அதனாலதான் பார்க்க பளபளன்னு புதுசாட்டவே இருக்கும், ஆனா குதிக்காது.

இப்ப ரப்பருக்கு வரேன், எனக்கு புடிச்ச எடம் இது. டென்னிஸ் பால் கூடு முக்கியமா இயற்கை ரப்பர்தான். கேரளாவுலயும் நம்ம கன்னியாகுமரி பக்கமும் மரத்த சீவி பாலெடுத்து, ஆசிட் ஊத்தி ஒறைய வெச்சு, ஷீட்டா உருட்டி, பொகை போட்டு காய வெச்சு அனுப்பறாங்களே, அதே சாதி. வாளையார் தாண்டி லோடு வந்து எறங்குச்சுன்னா அந்தப் பொகை வாசம் ரெண்டு நாளைக்கு சட்டைய விட்டுப் போகாது. அந்த ஷீட்ட மிக்ஸிங் மில்லுல ரெண்டு ரோலருக்கு நடுவுல விட்டு விட்டு மசிய வெச்சு, க்ளேன்னு சொல்ற களிமண் பொடி, சிலிகா, ஜிங்க் ஆக்சைடு, ஸ்டியரிக் ஆசிட், கந்தகம், சீக்கிரம் வேகறதுக்கு ஆக்சிலரேட்டர்னு ஒண்ணொண்ணா தூவி மடிச்சு மடிச்சு அரைப்பாங்க. இதுல கந்தகம்தான் ஆதாரம். அது இல்லாம ரப்பர் வெயில்ல பிசுபிசுன்னு ஒட்டும், குளிர்ல வெறைச்சு போகும், 1839ல சார்லஸ் குட்இயர்ங்கற அமெரிக்காக்காரர் கந்தகத்த போட்டு சூடு பண்ணுனா அது நெலைச்சு நிக்குதுன்னு கண்டுபுடிச்ச பின்னாடிதான் ரப்பர்ல உருப்படியா பொருளே செய்ய முடிஞ்சது. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி டயருக்கு ரீட்ரேடிங் போடறதும் அதே வேதியியல்தான்.

ரப்பர் ஒரு சங்கிலி சங்கிலியான பொருளு, அந்த சங்கிலிங்க சூட்டுல ஓயாம ஆடிட்டே இருக்கும், ஆடறப்ப நடுவுல சந்து விடும், அந்த சந்துல காத்து மூலக்கூறு ஒண்ணு புகுந்து, அடுத்த சந்துக்கு தாவி, அப்படியே வெளிய வந்துரும். ஓட்டையே வேண்டியதில்ல. இயற்கை ரப்பர்ல இந்த ஆட்டம் எச்சா, அதனாலதான் அது நல்லா குதிக்குது, அடி வாங்குனா சட்டுன்னு பழைய வடிவத்துக்கு திரும்புது, ஆனா அதே ஆட்டம்தான் காத்தையும் வெளிய விடுது. குதிக்கற கொணமும் ஒழுகற கொணமும் ஒரே எடத்துல இருந்துதான் வருது, ஒண்ண மட்டும் வெச்சுட்டு இன்னொண்ண கழிச்சுட முடியாது.

உடனே கேப்பீங்க, சைக்கிள் ட்யூப்புல, லாரி ட்யூப்புல மாசக்கணக்குல காத்து நிக்குதே, அந்த ரப்பர போடலாமல்லன்னு. அது பியூட்டைல் ரப்பருங்க. அதுல சங்கிலிக்கு ரெண்டு பக்கமும் கொத்து கொத்தா துருத்திட்டு இருக்கும், ஒண்ணுக்கொண்ணு இடிச்சுட்டு அசையறதே கஷ்டம், காத்து நுழையறதும் கஷ்டம். காத்த அருமையா புடிக்கும். ஆனா பியூட்டைல்ல ஒரு உருண்டை உருட்டி தரையில போட்டுப் பாருங்க, தொப்புன்னு விழுந்து கெடக்கும், ஏதோ களிமண்ண போட்டாப்புல. யூனிட்டுக்கு புதுசா வர பசங்களுக்கு இத நான் செஞ்சே காட்டறதுண்டு, ஒரே சைஸ்ல இயற்கை ரப்பர் குண்டு ஒண்ணு, பியூட்டைல் குண்டு ஒண்ணு, ரெண்டையும் ஒட்டுக்கா கீழ விட்டா ஒண்ணு இடுப்புக்கு வரும், இன்னொண்ணு கணுக்கால தாண்டாது, பசங்க ரெண்டாவதுல ஏதோ தப்பா கலந்துட்டோம்னு நெனைப்பாங்க.

இதுக்கு நடுவுல பாலம் போடத்தான் கம்பெனிக்காரங்க மண்டைய ஒடைக்கறாங்க. ஒரு வழி க்ளே. அதோட துகள் தட்டு தட்டா இருக்கும், ரப்பருக்குள்ள படுத்துட்டு காத்தோட நேர் வழிய மறிக்கும், சுத்தி சுத்தித்தான் வெளிய போகோணும், நேரமாகும். ஆனா க்ளே அளவு மீறிப் போச்சுன்னா வெயிட்டு ஏறும், ரப்பர் மந்தமாயிரும். இன்னொரு வழிய வில்சன் கம்பெனி 2000த்த ஒட்டி கொண்டு வந்தாங்க, குதிக்கறதுக்கு வழக்கமான கூடு, உள்சுவர்ல மட்டும் பியூட்டைலும் நுண்ணிய களிமண் தட்டுகளும் கலந்த மெல்லிய பூச்சு, டபுள் கோர்னு பேரு. ஐடியா நெம்ப அழகு. ஆனா ஒவ்வொரு பாலுக்கும் உள்பூச்சுன்னா செலவுதானே. காத்துக்கு பதிலா கனமான வாயு எதையாச்சும் அடைச்சுப் பார்த்தவங்களும் உண்டு, பெரிய மூலக்கூறு மெதுவா ஒழுகும்ங்கற கணக்கு. நைட்ரஜன் அடைச்சாலும் ஓரளவு லாபம்தான், ஆக்சிஜன் ரப்பர்ல வேகமா ஊடுருவும், நைட்ரஜன் மெதுவாத்தான் போகும்.

செய்யற விதம் சொல்றேன். அரைச்ச ரப்பர் கலவைய, காம்பவுண்டுன்னு சொல்லுவோம், துண்டு துண்டா வெட்டி மோல்டுல வெச்சு பிரஸ்ஸ மூடுவாங்க, 150 டிகிரிய ஒட்டி சூடு, சில நிமிசம், தொறந்தா கொட்டாங்குச்சியாட்ட பாதிப் பாதி கூடுங்க வரிசையா வரும். ஓரத்துல பிதுங்கி நிக்கற ஃபிளாஷ அறுத்து, விளிம்ப சொரசொரப்பா தேய்ச்சு, பஞ்சர் கடையில தடவற சொல்யூஷன் வகையறா ரப்பர் பசை பூசுவாங்க. ரெண்டு பாதியையும் இன்னொரு பிரஸ்ல எதிரும் புதிருமா வெச்சு, மூடறதுக்கு முன்னாடி அந்த அறைக்குள்ள பிரஷர் ஏத்திருவாங்க, ஏத்துன பின்னாடி மூடுனா அந்த பிரஷர் காத்து உள்ளயே மாட்டிக்கும், சூட்டுல ஜாயின்ட்டும் வெந்துரும். பால் மேல ஊசி போட்டு காத்தடிச்ச அடையாளம் எதுவும் இல்லாம இருக்கறது இதனாலதான், ஃபுட்பாலாட்ட வால்வு கெடையாது. முந்தி இன்னொரு முறை வெச்சிருந்தாங்க, ஒரு பாதிக்குள்ள சோடியம் நைட்ரைட்டும் அம்மோனியம் குளோரைடும் துளி தண்ணியோட போட்டு மூடிருவாங்க, சூடு ஏறுனதும் ரெண்டும் கலந்து நைட்ரஜன் வாயு கெளம்பும், மிச்சம் உள்ள நிக்கறது தண்ணியும் சாதா உப்பும். எனக்கு அந்த வேலைதான் ரொம்ப புடிச்சது, பம்பு கம்ப்ரசர் எதுவும் இல்லாம பாலே தன்னால காத்தடிச்சுக்குது.

அடுத்தது மேல இருக்கற துணி, ஃபெல்ட். நம்ம ஊருக்காரங்களுக்கு இத சொல்லிப் புரிய வைக்கறது சுலபம். நல்ல பாலுக்கு நெய்த ஃபெல்ட், நீளவாக்குல போற பாவு பருத்தி, குறுக்க போற ஊடையில கம்பளியும் நைலானும் கலந்த நூலு. நெய்ஞ்ச பின்னாடி, திருப்பூர்ல ஃப்ளீஸ் துணிக்கு ரெய்சிங் போட்டு உள்பக்கம் பஞ்சு கெளப்பறாங்களே, அதுமாதிரியே இதுலயும் மேல நூல கெளப்பி விடறாங்க. கம்பளி நாருக்கு மேல சிலாம்பு சிலாம்பா செதில் இருக்கும், ஈரத்துலயும் சூட்டுலயும் கசக்குனா ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிட்டு இறுகிக்கும், அதுக்குத்தான் கம்பளி. சிமென்ட்டு கோர்ட்டுல ஒரசி தேயாம இருக்கத்தான் நைலான். வெல கம்மி பாலுல நெசவே இருக்காது, ஊசியால குத்திக் குத்தி நார சிக்க வெச்ச ஃபெல்ட்டு, சீக்கிரமே மொட்டை விழுந்துரும். வெட்டுன துண்டோட ஓரத்த வெள்ள பசையில முக்கி எடுத்து, கூட்டு மேல பசை பூசி ரெண்டு துண்டையும் கோர்த்து ஒட்டி, மறுபடி மோல்டுல வெச்சு சூடு காட்டுனா அந்த ஓரப் பசைதான் நீங்க பார்க்கற வெள்ளக் கோடு. மோல்டுல இருந்து வரப்ப மேல படிஞ்சு தட்டையா கெடக்கும், ஆவியில காட்டுனாத்தான் நார் புசுபுசுன்னு எழும்பும்.

துணி அழகுக்கு இல்லீங்க. 1870கள்ல லான் டென்னிஸ் ஆரம்பிச்ச காலத்துல வெறும் ரப்பர் பந்தத்தான் வெச்சு ஆடுனாங்க, வால்டர் விங்ஃபீல்டு 1874ல ஆட்டத்துக்கு பேட்டன்ட் வாங்குனாரு, அந்த சமயத்துலதான் ஜான் ஹீத்கோட்னு ஒரு ஆட்டக்காரர் பந்து மேல ஃப்ளானல் துணி தெச்சுப் பார்த்தாரு, ஈரப் புல்லுல வழுக்காம புடிமானம் கெடைச்சது, அதுதான் நெலைச்சிருச்சு. அந்தப் புசுபுசுப்பு காத்துல ஒவ்வொரு நாரா எதுத்து நின்னு வேகத்த இழுத்துப் புடிக்கும், நாசாவுல இருந்த ரபி மேத்தாங்கற விஞ்ஞானி காத்துக் குகையில வெச்சு இதையே தனியா அளந்திருக்காரு. மொட்டை பால் அதனாலதான் சர்ருன்னு போகும். ராக்கெட் நரம்பு பந்த கவ்விப் புடிச்சு ஸ்பின் குடுக்கறதும் இந்தத் துணியாலதான். கலரும் ஒரு கதை, முந்தி வெள்ள பால், கலர் டிவி வந்த பின்னாடி பார்க்கறவங்களுக்கு தெரியோணும்னு 1972ல மஞ்சளுக்கு அனுமதி குடுத்தாங்க, விம்பிள்டன்காரங்க மட்டும் வீம்பா 1986 வரைக்கும் இழுத்தாங்க.

விம்பிள்டன்னு சொன்னதும் ஞாபகம் வருது. அங்க ஆடற ஸ்லாசெஞ்சர் கம்பெனி பால் 2014 கணக்குப்படி பிலிப்பைன்ஸ்ல பதான்ங்கற எடத்துல செஞ்சது. இங்கிலாந்து வார்விக் பல்கலைக்கழகத்து மார்க் ஜான்சன்ங்கற பேராசிரியர் 2014ல அதோட சரக்கு எங்கெங்க இருந்து வருதுன்னு தேடிப் புடிச்சாரு, ரப்பர் மலேசியாவுல இருந்து, களிமண் அமெரிக்காவுல இருந்து, சிலிகா கிரேக்கத்துல இருந்து, கந்தகம் தென்கொரியாவுல இருந்து, கம்பளி மட்டும் நியூசிலாந்துல இருந்து இங்கிலாந்து ஸ்ட்ரௌட் ஊருக்குப் போய் ஃபெல்ட்டாகி திரும்பவும் பிலிப்பைன்ஸ் போய், கடைசியில பாலாகி மறுபடி இங்கிலாந்து. எல்லாம் கூட்டுனா 50,000 மைலுக்கு மேல. அவ்வளவு தூரம் வந்த பால அங்க மொதல்ல ஏழு கேம், அப்புறம் ஒம்போது ஒம்போது கேமுக்கு ஒருக்கா மாத்திருவாங்க. நம்ம புள்ளைங்க அத மூணு மாசம் ஓட்டுவாங்க.

இனி உங்க டப்பா. தொறக்கறப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருமே, அது பாலுல இருந்து வர காத்தில்ல, டப்பாவுல இருந்து வரது. பாலுக்குள்ள எவ்வளவு பிரஷரோ கிட்டத்தட்ட அதே பிரஷர்லதான் டப்பாவையும் அடைச்சு வெக்கறாங்க, உள்ளயும் வெளியயும் சமமா இருந்தா ஒழுகறதுக்கு காரணமே இல்ல. நீங்க மூடிய இழுத்த அந்த நொடியில இருந்து கணக்கு ஓட ஆரம்பிச்சுருது, ஆடுனாலும் ஆடாட்டியும். டப்பா ஒண்ணு வாங்கி நாலு தடவ ஆடிட்டு அட்டாலியில போட்டு வெச்சு அடுத்த லீவுக்கு எடுத்தீங்கன்னா அது செத்துத்தான் இருக்கும், அதுக்கு யாரையும் குத்தம் சொல்லாதீங்க. கடையில டப்பா வாங்கறப்ப மூடிய கட்டை வெரலால அமுக்கிப் பாருங்க, பிளாஸ்டிக் டப்பான்னா பக்கவாட்டுலயும் அமுக்கிப் பாருங்க, கல்லாட்ட இருக்கோணும், தொளதொளன்னு இருந்தா எங்கயோ கசிஞ்சிருக்குது, வேண்டாம்னு வெச்சுருங்க.

வெயிலு. ஈரோடு, கரூர் பக்கம் சித்திரையில 40 டிகிரிய தொடறப்ப, 20 டிகிரியில அளந்த பாலுக்குள்ள பிரஷர் கிட்டத்தட்ட ரெண்டு பி.எஸ்.ஐ. ஏறிரும், ரப்பரும் சூட்டுல துள்ளும், அதனால மத்தியானம் பால் தோளுக்கு மேல எகிறும், அதே பால் காலைல அடக்கமா இருக்கும். ஆனா சூட்டுல ஒழுகறதும் வேகமாகும், அதனால கார் டிக்கியில பால் டப்பாவ போட்டு வெயில்ல நிறுத்தறத மொதல்ல விடோணும்.

ஊட்டி இன்னும் சுவாரசியம். கோயமுத்தூர் 400 மீட்டர் சொச்சம் ஒசரம், ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் தாண்டி மேல ஏறி முடிக்கறப்ப வெளிய இருக்கற காத்து பிரஷர் அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சிருக்கும். பாலுக்குள்ள இருக்கறது கொறையாதே, அதனால வித்தியாசம் ரெண்டே முக்கால் பி.எஸ்.ஐ. கிட்ட எச்சாயிருது, பால் கெட்டியாகி எகிறுது, போதாததுக்கு காத்தும் லேசு, இழுத்துப் புடிக்க ஆளில்ல, கீழ கோட்டுக்குள்ள விழற ஷாட்டு அங்க வேலிக்கு போவுது. அதுக்குன்னே ஐடிஎஃப் விதியில 1,219 மீட்டருக்கு மேல ஆடறதுக்கு தனி பால் இருக்குது, கம்மியா குதிக்கற பாலு, இல்லாட்டி உள்ள தனி பிரஷரே இல்லாத பாலு, அந்த ரெண்டாவது வகைய போட்டி நடக்கற ஒசரத்துலயே 60 நாள் போட்டு வெச்சு பழக்கோணும்னும் எழுதியிருக்காங்க. குன்னூர், ஊட்டி, ஏற்காடு மூணுமே அந்தக் கணக்குல வரும்.

பிரஷரில்லாத பால்னு சொன்னேனே, உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் அங்கதான் இருக்குது. அதுல காத்த நம்பறதே இல்ல, கூட்ட தடிமனாக்கி, ரப்பர் மட்டுமே குதிக்கற வேலைய செய்யற மாதிரி காம்பவுண்ட மாத்திருவாங்க, ஸ்வீடன்ல ட்ரெட்டார்ன் கம்பெனி இதுக்கு பேர் போனது. ஒழுகறதுக்கு ஒண்ணுமில்ல, அதனால சாவும் இல்ல, துணி தேய்ஞ்சா இன்னும் கொஞ்சம் லேசாகி எச்சாத்தான் குதிக்கும். கையில அடிக்கற அடி மட்டும் கட்டையா இருக்கும், பெரிய ஆட்டக்காரங்களுக்கு அது புடிக்காது. நம்ம ஊரு கிரிக்கெட்டுக்குன்னு விக்கற காஸ்கோ, விக்கி ஹெவி பாலெல்லாம் இந்த சாதிக்கு கிட்ட, ரப்பர் தடி, வெயிட்டு எச்சா, பேர்லதான் டென்னிஸ். மாசக்கணக்குல வருதுன்னா காரணம் அதுதான், அது நல்ல பால் இது மோசமான பாலுன்னு இல்ல, அது வேற பொருளு.

அதுவும் சாகறது உண்டு, ஆனா ஒழுகி இல்ல, பொளந்து. பேட்டோட ஓரம் பட்டு அடி வாங்கிட்டே இருந்தா உள்ள ஒட்டுன அந்த வளையத்துலதான் வாய் விடும், கூர்ந்து பார்த்தீங்கன்னா துணிக்கு அடியில நேர்கோடா விரிசல் ஓடறது தெரியும், வெள்ளக் கோட்டு மேல ஓடாது. நைட்டு லைட்டு போட்டு ஆடற டோர்னமென்ட்டுல, மார்கழி தையில பனி எறங்கிச்சுன்னா துணி தண்ணிய குடிச்சுட்டு கனமாகி பவுலர் கையில நழுவும், அதுக்காகவும் டேப்பு சுத்தறாங்க. டேப்பு சுத்துனா பந்தோட சங்கதியே மாறுது, புசுபுசுப்பு போயி மேல வழுவழுன்னு ஆகுது, பாதி மட்டும் சுத்துனா ஒரு பக்கம் வழுவழு, ஒரு பக்கம் சொரசொர, காத்து ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா பிரிஞ்சு பந்து வளையுது. டேப்பில்லாத டென்னிஸ் பால்ல அந்த வசதி கெடையாது, தெச்ச விளிம்பும் கெடையாது, வெள்ளக் கோடு பள்ளமா இருக்கும், பிட்ச் ஆனா மேல எழும்பி நின்னு அடிக்க வசதியா வரும். பவுலருக்கு மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு, காலுக்கடியில யார்க்கர். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பால்ல ஆடி வளர்ந்த நடராஜன் 2020ல இந்தியாவுக்கு ஆடப் போனப்ப எல்லாரும் அந்த யார்க்கரப் பார்த்து ஆச்சரியப்பட்டாங்க, டென்னிஸ் பால்ல பவுலிங் போட்டவங்க யாரும் ஆச்சரியப்படல.

பையனுக்கு என்ன வாங்கறதுன்னா, வயசு பத்துக்குள்ளன்னா இந்த மஞ்சள் பாலே வேண்டாமுங்க. செகப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு மூணு படி இருக்குது, செகப்புதான் நெம்ப மெதுவு, பச்சை சாதா பாலவிட கால்வாசி மெதுவு, 2012லிருந்து பத்து வயசுக்குட்பட்ட போட்டிக்கு சாதா மஞ்சள் பால் கூடாதுன்னே விதி. அதுக்கு மேல வயசுன்னா, மேட்ச்சுக்கு மட்டும் புது டப்பா, தெனசரி அடிச்சுப் பழக பிரஷரில்லாத பால் ஒரு டஜன், அது கொஞ்சம் கட்டையா இருக்கும், புள்ளை மொதல் ஒரு வாரம் மொனகுவான். சிமென்ட்டு கோர்ட்டுன்னா டப்பா மேல எக்ஸ்ட்ரா டியூட்டின்னு போட்டிருக்கறதப் பார்த்து வாங்குங்க, அதுல துணி தடிமன், செம்மண் கோர்ட்டுன்னா ரெகுலர் டியூட்டி, அது மண்ண கம்மியா அப்பிக்கும். தொறந்த பால திருப்பி பிரஷர்ல வெக்கறதுக்கு திருகு மூடி போட்ட டப்பா, சைக்கிள் பம்புல காத்தடிக்கற மாதிரி விக்கறாங்க, வேலை செய்யும், ஆனா ஒவ்வொரு தடவையும் ஆடி முடிச்ச கையோட உள்ள போட்டு காத்தடிச்சாத்தான், மறந்து ஒரு வாரம் பையிலயே கெடந்த பாலுக்கு அது பெருசா ஒண்ணும் செஞ்சுராது.

பால் செத்துருச்சா இல்லையான்னு சந்தேகம் வந்தா தலைக்கு மேல கைய நீட்டுன ஒசரத்துக்கும் கொஞ்சம் மேல, செவத்துல 254 சென்டிமீட்டர்ல ஒரு கோடு, 135ல ஒரு கோடு பென்சில்ல போட்டு வெச்சுருங்க. ஸ்டூல் மேல ஏறி மேல் கோட்டுல இருந்து கைய விடோணும், தள்ளக் கூடாது. கீழ்க் கோட்ட தொட்டா மேட்ச்சுக்கு ஆகும். ஒரு ஜாண் கீழ நின்னுச்சுன்னா அத தெருவுக்கு, கிரிக்கெட்டுக்கு குடுத்துருங்க.